மேனேஜருக்குப் பரிமாறிய பணியாரம்

கேள்வி: எனக்கு 31 வயது. சொந்த ஊர் முசிறி, சென்னையில் ஐ.டி. வேலை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் அந்த நாட்டுக்காரர் ஒருவரைக் காதலிக்கிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மனைவி விசாவில் அங்கே போவதாகத் திட்டம். அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். நான் ஜெர்மன் படித்தே ஆக வேண்டுமா? வங்கிக் கணக்கு, பி.எஃப். பணத்தை என்ன செய்வது? மளிகை சாமான், குளிர் உடை எவ்வளவு எடுத்துப் போகலாம்? அப்பா இல்லை. அண்ணன் திருப்பூரில் இருக்கிறார். கம்பெனி புராஜெக்டுக்காக இரண்டு வருஷம் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் கல்யாணம் என்று தரகரிடம் ஜாதகம் கொடுத்திருக்கிறார். போன பொங்கலுக்கு என் காதலரை 'எங்கள் மேனேஜர்' என்று வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா பணியாரம் சுட்டுக் கொடுத்தார், அவரை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.
- பெயர் வேண்டாம், முசிறி

பதில்: மளிகைக்கும் குளிர் உடைக்கும் நீங்கள் எழுதியதில் பாதியைத்தான் இங்கே போட்டிருக்கிறேன். அம்மாவைப் பற்றி எழுதியது கடைசி நாலு வரி. அதில் ஒன்றைக்கூட வெட்டவில்லை, ஏனென்றால் நான் நின்று படித்தது அதைத்தான். பெட்டி கட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். பொங்கலன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்ட மனிதருக்கு, இந்த அம்மா தன்னை யாரென்று நினைத்துப் பரிமாறுகிறார் என்பது தெரியுமா? தெரியும் என்றால், தனியாக இருக்கும் ஒரு பெண்மணியை அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஏமாற்றச் சம்மதித்தவரைத்தான் நீங்கள் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள். தெரியாது என்றால் இன்னும் மோசம். மாப்பிள்ளை உபசாரம் நடந்தது என்று நம்பி ஊர் திரும்பியிருப்பார் பாவம். இரண்டில் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். 'ரொம்பப் பிடித்துப் போய்விட்டது' என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். அம்மாவுக்குப் பிடித்தது மகளின் மேனேஜரை. மாப்பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

அப்புறம் அந்தத் தரகர். உங்கள் ஜாதகத்தை வைத்துக்கொண்டு யாரோ ஒரு பையனின் அம்மா நாள் எண்ணிக்கொண்டிருப்பாரே, அவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்?

சரி, இந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்போம். வெளிநாட்டுக்காரரைப் பதிவுத் திருமணம் செய்ய நீங்கள் போக வேண்டியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு. உங்கள் பெயர், வயது, தொழில், முகவரியோடு நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸைச் சென்னை அலுவலகத்தில் ஒட்டுவதோடு முடியாது. நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், நகலை அந்த ஊர் திருமண அதிகாரிக்கு அனுப்பி அங்கேயும் ஒட்டச் சொல்கிறது சட்டம். காதல் ஜோடிகளுக்கு இது பெரிய தொல்லை. எனக்கும் இந்த விதி பிடிக்காது. ஆனால் இருக்கிறது. உங்கள் ஆதாரில் எந்த முகவரி? முசிறி என்றால், பத்திரம் பதியவும் வில்லங்கம் பார்க்கவும் ஊர்க்காரர்கள் வந்து நிற்கிற பதிவு அலுவலகத்துக்கே உங்கள் பெயர் போய்ச் சேரலாம். அம்மாவுக்கு முன்னால் பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும்.

அதில் தப்பினாலும் அடுத்தது இருக்கிறது. நம் ஊர்ச் சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாகக் குத்தும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் உண்மைதானா என்று அவர்கள் தூதரகம் வழக்கறிஞர் வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. அதற்குப் பணம் கட்ட வேண்டும், மாதக்கணக்கிலும் இழுக்கும். அந்த வக்கீல் சொந்த ஊருக்கே போய் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பதும் நடக்கிறது. வாசலில் கறுப்புக் கோட்டோடு ஒருவர் வந்து நின்று, 'உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே' என்று கேட்டால் உங்கள் அம்மா என்ன சொல்லுவார்? 'இல்லையே, புராஜெக்டுக்குத்தானே போறா' என்பார். விசாரிக்க வந்தவர் அதைத்தான் எழுதிக்கொண்டு போவார். நீங்கள் சொன்ன பொய்யே உங்கள் விசாவில் வந்து உட்காரும்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. ஜெர்மன் குடியேற்றச் சட்டத்தில் 31ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அதைப் படித்தீர்களா? அங்கே போன பிறகு கணவனும் மனைவியும் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் மனைவிக்குத் தனியாக அங்கே இருக்கும் உரிமை வரும். அதற்குள் பிரிந்தால் உங்கள் அனுமதி ஆட்டம் காணும். அடி, உதை, கொடுமை என்றால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நீங்கள்தான் எடுத்துக்காட்ட வேண்டும். பெண்களுக்கு உதவ 116 016 என்ற இலவச எண் அங்கே நாள் முழுக்க இயங்குகிறது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். மனசு ஒத்துப் போகாமல் போவதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு நாள் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போன பெண்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். அம்மா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், ஐந்தாம் நாள் சாப்பிடக் கூப்பிடுவார். பொய் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் வருவதில்லை. கல்யாணமே தெரியாத வீட்டில் போய்க் கல்யாணம் முறிந்ததை எப்படிச் சொல்வது என்று அங்கேயே கிடந்து சகிக்கிறார்கள். அவர்கள் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, அதிலும் 'பெயர் வேண்டாம்' என்றுதான் இருக்கும்.

அம்மாவிடம் அனுமதி கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன். 31 வயதுப் பெண் தன் கல்யாணத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பெற்று வளர்த்தவரிடம் செய்தி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் பாடு, அந்த வாய்ப்பையே கொடுக்காமல் விமானம் ஏறுவது எனக்கு ஒப்பாது. ஜனவரியில் கல்யாணம் என்றால் நவம்பர் கடைசிக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். போனில் வேண்டாம். தனியாகப் போய், புராஜெக்ட் என்றது பொய் என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், அப்புறம் காதலைச் சொல்லுங்கள். அழுவார், திட்டுவார், 'அன்னிக்கு அவனுக்குப் பணியாரம் சுட்டுப் போட்டேனே' என்பார். வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஓய்ந்த பிறகு தரகரிடமிருந்து ஜாதகத்தைத் திரும்ப வாங்குங்கள். அம்மாவின் மருந்து, ஆஸ்பத்திரி செலவுகளை யார் பார்ப்பது என்று அண்ணனோடு உட்கார்ந்து பேசுங்கள். மேனேஜர் வேஷம் போட்டவரும் ஒரு தடவை வந்து, நான்தான் அது என்று தன் வாயால் சொல்லட்டும்.

இனி நீங்கள் கேட்டவை. ஜெர்மன் படித்தே ஆக வேண்டும். மனைவி விசாவுக்குப் பொதுவாக ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கேட்பார்கள். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நாலு பகுதி, நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. பட்டதாரிகளுக்குச் சில சமயம் விலக்கு கிடைக்கிறது. கிடைத்தாலும் படியுங்கள். டாக்டரிடம் போக, வாடகை ஒப்பந்தம் படிக்க எல்லாம் கணவரையே எதிர்பார்த்து நின்றால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் நீங்கள் அவர் கைப்பிடியில்தான். ஜெர்மன் குடிமகனின் மனைவிக்கு அங்கே வேலை செய்யவும் உரிமை உண்டு, அதற்கும் மொழி வேண்டும்.

அங்கேயே குடியேறுகிறீர்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது. பி.எஃப். பணத்தை வெளிநாட்டில் குடியேறும் காரணம் காட்டி எடுக்கலாம். எடுத்ததை உங்கள் பெயரிலேயே போட்டு வையுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டுக்காவது ஆகும். ஒரிஜினல் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டும் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

மசாலாப் பொடி, பருப்பு கொண்டு போகலாம். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், நெய்யும் அதில் சேர்த்தி. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஆனால் கருவாட்டுக்கு 20 கிலோ வரை அனுமதி! குளிர் உடையை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குப் போதாது.

பதிவுத் திருமணத்துக்கு மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒன்றுக்கு அம்மாவைக் கூப்பிடுங்கள். வர மாட்டேன் என்றால் அண்ணனைக் கேளுங்கள். அவரும் மறுத்தால் தோழிகள் மூன்று பேரை அழைத்துப் போய் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் தேதியும் நேரமும் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.