‘கிருபையும் சமாதானமும்’ என்னும் வாழ்த்தில் கிருபை ஏன் முதலில் வருகிறது?

கேள்வி: “கிறிஸ்தவ நண்பர்களின் கடிதங்களிலும் அழைப்பிதழ்களிலும் ‘கிருபையும் சமாதானமும் உண்டாவதாக’ என்ற வரியைப் பார்க்கிறேன். இவ்விரண்டும் ஒன்றையே குறிக்கின்றனவா, அல்லது வேறுவேறா?”

இரண்டும் வேறு; ஆனால் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறக்கிறது. மதுரையில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பமொன்றில் பிறந்து, இந்த வாழ்த்தைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடக்ககாலச் சபைகளுக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுலின் பெயரால் புதிய ஏற்பாட்டில் உள்ள 13 நிருபங்களும், அதாவது கடிதங்களும், இந்த வாழ்த்தோடுதான் தொடங்குகின்றன. அக்காலத்துக் கிரேக்கர்கள் கடிதத்தின் தலைப்பில் ‘கைரேயின்’ என்று எழுதுவார்கள். ‘மகிழ்க’ என்பது அதன் பொருள். யாக்கோபின் நிருபம் அந்த வழக்கத்தை அப்படியே பின்பற்றுகிறது. பவுல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அதோடு ஓசையில் நெருங்கிய ‘காரிஸ்’ என்ற சொல்லை, அதாவது கிருபையை, அங்கே வைத்தார். தம் யூத முன்னோர் ஒருவரையொருவர் வாழ்த்திய ‘ஷாலோம்’ என்பதைச் சமாதானமாக அதனோடு சேர்த்தார். கலாத்தியா பகுதிச் சபையினர் மீது கடுங்கோபம் கொண்டு எழுதும்போது, வழக்கமான நன்றியுரையைக்கூட விட்டுவிட்டு நேரே கண்டிக்கத் தொடங்கியவர், இந்த வாழ்த்தை மட்டும் விடவில்லை. எந்த நிருபத்திலும் சமாதானத்தை முன்னும் கிருபையைப் பின்னுமாக மாற்றி எழுதவும் இல்லை.

கிருபை என்பது தகுதி பார்க்காமல் கொடுக்கப்படுவது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்கிறது எபேசியர் நிருபம். இதை விளக்க இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து உவமையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. மதுரையில் விடிகாலையில் சில தெருமுனைகளைக் கடந்து செல்பவர்கள், தூக்குச்சட்டியோடு கட்டட வேலைக்குக் காத்து நிற்கும் ஆண்களையும் பெண்களையும் பார்த்திருப்பார்கள். வலுவானவர்களை மேஸ்திரிகள் முதலில் அழைத்துப் போய்விடுவார்கள். பத்து மணிக்கும் அங்கேயே நிற்பவர்கள், அன்று அடுப்பெரியுமா என்ற கவலையோடு நிற்பவர்கள். உவமையில் தோட்டத்தின் சொந்தக்காரர் பொழுது சாயும் பதினோராம் மணி வேளையிலும், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கும், வந்து, “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்றவர்களை அழைத்துச் சென்று, காலை முதல் வெயிலில் உழைத்தவனுக்குப் பேசிய அதே ஒரு பணத்தை அவர்களுக்கும் கொடுக்கிறார். முதலில் வந்தவன் முறுமுறுத்தபோது, “நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?” என்று கேட்கிறார். உழைப்பைக் கணக்கிட்டால் அவன் முறையிடுவது சரிதான்; ஆனால் அந்தக் கூலி, மாலையில் வந்தவனின் வீட்டிலும் பசி இருக்கிறது என்பதை அறிந்தவர் கொடுத்த கூலி.

சமாதானம் என்பதை மனஅமைதி என்று மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பொருளைக் குறுக்குவதாகும். ஷாலோம் என்னும் எபிரேயச் சொல்லின் வேரில் குறைவின்மை, முழுமை என்ற பொருள் இருக்கிறது. அதே வேரிலிருந்து வரும் வினைச்சொல்லுக்குப் பட்ட கடனைத் தீர்த்தல், ஈடுசெய்தல் என்ற பொருளும் உண்டு. (கோரிப்பாளையம் தர்கா வாசலில் நாம் கேட்கும் ‘சலாம்’ அதன் உடன்பிறந்த சொல்.) தமிழிலும் சண்டையிட்ட இருவரை உட்காரவைத்துச் சமாதானம் செய்துவைப்பது என்கிறோமே, பவுல் சொல்வதற்கு அதுவே மிக அருகில் இருக்கிறது: “தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்” என்று அவர் ரோமருக்கு எழுதும்போது பேசுவது, முறிந்த உறவு மீண்டும் கூடியதைப் பற்றி. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வெளியான திருவிவிலியத்தில் இவை ‘அருள்’, ‘அமைதி’ என்று இருக்கின்றன. அருள், நம் பக்தி மரபு முழுவதும் பழகிய அழகான சொல். அதை நான் விரும்புகிறேன். ஆனால் ‘அமைதி’ என்னும்போது அந்த உறவு கூடுதல் சற்று மறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இனி என் செய்தி. மேலூர்ப் பக்கத்தில் எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தை விற்றபோது, விற்பனையை முன்னின்று முடித்தவன் நான். கிடைத்த தொகையில் ஒரு பகுதியை அண்ணனிடம் மறைத்தேன். மறு ஆண்டு அவருக்குத் தெரியவந்தது. அவர் வழக்குப் போடவில்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. பேச்சு மட்டும் நின்றது. ஒன்பது ஆண்டுகள் ஒரே ஆலயத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்தோம்.

எங்கள் சபையின் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கையிலிருந்து கைக்குக் கொடுக்கப்படுகிறது. ஆயரிடமிருந்து தொடங்கி, ஒருவர் தம் வலது உள்ளங்கையை அடுத்தவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் தத்தம் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். அப்படியே அது வரிசை வரிசையாக நகரும். அறுப்பின் பண்டிகைக் கூட்டத்தில் தாமதமாக வந்த நான், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். அது அண்ணனின் பக்கத்து இடம் என்பதை அமர்ந்த பிறகே கண்டேன். “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைத்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனம் எனக்கு மனப்பாடம். எழுந்து போகலாமா என்றும் தோன்றியது. சமாதானம் அவர் பக்கத்திலிருந்து வந்தது. அவர் திரும்பி என் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும், “வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போகலாம்” என்றார். அவரிடம் சொல்வதற்காக ஒன்பது ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருந்த சமாதானங்களில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

கிருபை ஏன் முதலில் வருகிறது என்பது எனக்கு அன்று விளங்கியது. கடன்பட்டவன் எவ்வளவு விரும்பினாலும் அந்த உறவைத் தானாகத் தொடங்கிவிட முடியாது; இழந்தவர்தான் கையை நீட்ட வேண்டும். அவர் நீட்டிய பிறகே இவனால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியும்.

இப்படி இலவசமாக மன்னித்தால் மனிதன் கெட்டுப்போவானே என்று சிலர் கேட்பார்கள். பவுலின் காலத்திலேயே எழுந்த கேள்வி அது: “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே” என்று அவர் பதில் எழுதினார். நான் மறைத்த தொகையை மூன்று ஆண்டுகளில் அண்ணனிடம் கொடுத்து முடித்தேன். கடைசித் தவணையைக் கொண்டுபோன அன்று, அவர் அதை எண்ணாமல் அண்ணியிடம் கொடுத்துவிட்டு, இலை போடச் சொன்னார்.