தெரிந்தே கத்தியவர்

கேள்வி: பங்க் ராக் பாடகர்களைப் போய் கலைஞர்கள் வரிசையில் வைக்கிறீர்களே! பாடத் தெரியாதவர்கள் மேடையேறிக் கத்தினார்கள். கிழிந்த சட்டை, போதை, கூச்சல் தவிர அதில் வேறென்ன இருந்தது?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாடத் தெரியாதவர்கள் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? எழுபதுகளில் கிளம்பிய அந்த வேகமான, முரட்டு ராக் இசையில் பாலி ஸ்டைரீன் என்ற பாடகி பாடிக் கேட்டதுண்டா?

இயற்பெயர் மேரியன் எலியட். 1957-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா சோமாலியாக்காரர், அம்மா வெள்ளைக்காரர். வளர்ந்தது லண்டன் பிரிக்ஸ்டனில். 1976-இல் அவர் முதலில் வெளியிட்டது ஜமைக்காவின் ரெகே பாணியில் ஒரு இசைத்தட்டு. குழைவான, துள்ளலான குரல் அதில். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி, தன் 19-வது பிறந்தநாளன்று, ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரியைப் பார்த்தார். அப்புறம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழு பிறந்தது.

1977-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். சிறு பெண்கள் பார்வைக்கு இருந்தால் போதும், வாய் திறக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. அதை அடக்க ஒடுக்கமான சின்னப் பெண்ணின் குரலில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் தொண்டை கிழிய அலறுகிறார். இரண்டு குரலும் அவருடையதுதான். எங்கே எதை வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர் செய்த வேலை அது.

பாட்டில் வைத்த விஷயங்களைப் பாருங்கள்: பிளாஸ்டிக், விளம்பரம், மரபணுப் பொறியியல், கடையில் வாங்கிய அழகு. 1978-இல் வந்த ஆல்பம் முழுக்க இதுதான். பல்லில் கம்பியோடு, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடுத்திக்கொண்டு மேடையேறினார். என்னைக் கவர்ச்சிப் பொம்மையாக்கப் பார்த்தால் மொட்டையடித்துக்கொள்வேன் என்று சொன்னார்; அடித்தும் கொண்டார். அதே 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பார்க்கில் நடந்த பிரம்மாண்டமான இனவெறி எதிர்ப்புக் கச்சேரியிலும் பாடினார்.

போதை என்று எழுதியிருக்கிறீர்கள். இவரை மேடையிலிருந்து இறக்கியது மனநோய். அதையும் மருத்துவர்கள் மனச்சிதைவு என்று தவறாகக் கணித்தார்கள். அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்று சரியாகத் தெரிய 1991 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. 1979-இல் குழு கலைந்தது. பிறகு ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்தார். 2011 மார்ச்சில் புதிய ஆல்பம் வந்தது. அடுத்த மாதமே மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வயது 53.

ஒன்றை விட்டுவிட்டேன். குழுவை விட்டதும் 1980-இல் தனியாக ஓர் ஆல்பம் செய்தார். அலறல் எதுவும் இல்லாத, மெல்லிய, ஜாஸ் சாயல் கொண்ட பாட்டுகள். 1976, 1977, 1980 என்று இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, அவருக்குப் பாடத் தெரியாது என்று இன்னொரு கடிதம் எழுதுங்கள். வெட்டாமல் போடுகிறேன்.