துணி நாப்கினுக்கு முன்னால் ஒரு கொடி

கேள்வி: நான் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருக்கிறேன். 60 மாணவிகள் தங்கியிருக்கிறார்கள். தூக்கிப்போடும் நாப்கின்களின் குப்பை சமாளிக்க முடியாத அளவுக்குச் சேர்கிறது, கழிவறைக் குழாயும் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின்களை ஆளுக்கு நான்கு வீதம் இலவசமாகத் தர ஒரு குழுவினர் முன்வந்திருக்கிறார்கள். ஆனால் துணி வைத்தால் தொற்று வரும் என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆளுக்கு நான்கு என்றால் போதாது. அதைவிட முக்கியமாக, அந்த நாப்கின்கள் எங்கே காயும் என்பதை முடிவு செய்யாமல் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள்.

பெற்றோரின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒடிசாவில் 486 பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், திரும்பப் பயன்படுத்தும் துணி வைத்தவர்களிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்த் தொற்றுகள் அதிகம் காணப்பட்டன. அங்கேயே 558 பெண்களை ஆராய்ந்து 2018இல் வந்த இன்னொரு ஆய்வும், துணியைத் திரும்பப் பயன்படுத்துபவர்களுக்குக் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டாவது ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போய்ப் பார்த்தது. துணியைத் திரும்பப் பயன்படுத்தியவர்களுக்குள்ளேயே, வீட்டுக்குள் காயவைத்தவர்களிடமும், கழிவறைக்குள் ஒளித்துவைத்தவர்களிடமும்தான் கேண்டிடா அதிகம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பயன்பட்ட செய்தி இதுதான்.

கேண்டிடா வெளியிலிருந்து வரும் விருந்தாளி இல்லை. நம் உடலில் சாதாரணமாகவே சிறிதளவு இருக்கும். ஈரமும் சூடும் காற்றுப் புகாத இடமும் கிடைத்தால் பெருகும். அரைகுறையாகக் காய்ந்த துணியை இரண்டு தொடைகளுக்கு நடுவே நான்கு மணி நேரம் வைத்திருந்தால் அது கேட்பதெல்லாம் கிடைத்துவிடுகிறது. நன்றாக அலசி, உள்ளடுக்கு வரை காய்ந்த துணியில் அந்த வசதி இல்லை. மாதவிடாய் ரத்தமும் கெட்ட ரத்தம் அல்ல. உடலை விட்டு வெளியே வந்தபின் துணியில் தங்கினால்தான் அது கிருமிகளுக்கு உணவாகிறது.

அதனால் முதல் வேலை, கொடி. மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ, மாணவிகள் மட்டும் போய்வரும் இடமாக, வெயிலும் காற்றும் படுகிற மாதிரி ஒரு கொடி கட்டுங்கள். மழை நாளுக்கு மேற்கூரையுள்ள, காற்றோட்டமான இன்னோர் இடம் வேண்டும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படும் பெண், நாப்கினைக் கட்டிலுக்கு அடியிலோ, பாவாடைக்குக் கீழே மறைத்தோதான் உலர்த்துவாள். அவள்மீது தப்பே இல்லை. மறைக்கத் தேவையில்லாத ஓர் இடத்தை நாம்தான் அவளுக்கு ஏற்படுத்திக் கொடுக்கவில்லை. தடுப்புக்கு ஒரு மறைப்பு, கொஞ்சம் கிளிப், உள்ளே ஆண்கள் வரக்கூடாது என்ற கண்டிப்பான விதி, இவை இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

சரி, நான்கு ஏன் போதாது? கணக்கு எளிது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு நாளைக்கு நான்கு நாப்கின் ஆகும். திங்கட்கிழமை பயன்படுத்தியதை அன்று மாலை துவைத்தால், நல்ல வெயிலில் செவ்வாய் மாலைக்குள் காயும், புதன் காலை மறுபடி எடுக்கலாம். ஆக குறைந்தது எட்டு வேண்டும். தடிமனான நாப்கினும் மழைக்காலமும் சேர்ந்தால் காய இரண்டு நாள் பிடிக்கும்; அப்போது பன்னிரண்டு. நான்கே நான்கு வைத்திருக்கும் பெண் என்ன செய்வாள்? ஈரத்தோடு எடுத்து வைப்பாள், அல்லது ஒன்றையே பத்து மணி நேரம் வைத்திருப்பாள். தருகிற குழுவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். அவர்களிடம் இருப்பது 240 நாப்கின் என்றால், 60 பேருக்கு நான்கு நான்காகப் பிரிக்காமல், விரும்பிக் கேட்கும் 20 பேருக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொடுங்கள்.

எப்படிப்பட்டது வாங்குவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெரும்பாலும் மேலே மெல்லிய பருத்தி, நடுவே உறிஞ்சும் அடுக்குகள், அடியில் நீர் கசியாத பூச்சுத் துணி, உள்ளாடையோடு பொருத்தப் பட்டன் வைத்த இறக்கை என்றுதான் தைத்திருப்பார்கள். எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்தது பார்க்க அழகாக இருக்கும், காயத்தான் நேரமாகும். மடித்து வைத்து, துவைக்கும்போது பிரித்து விரித்துக்கொள்ளும் வகை சீக்கிரம் காயும், உள்ளே அழுக்கு நிற்கிறதா என்றும் கண்ணால் பார்க்கலாம். விடுதிக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

துவைப்பதில் பலர் செய்யும் தவறு, எடுத்ததும் வெந்நீர் ஊற்றுவது. ரத்தத்தில் புரதம் இருக்கிறது. சூடு பட்டால் அது துணியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாதாரணத் துணி சோப்புப் போட்டுக் கசக்கி, நுரையும் நிறமும் இல்லாமல் நீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போட்டு வைப்பது நல்லதல்ல, அதில் கிருமிதான் பெருகும். துணிக்கு மென்மையும் மணமும் தரும் கண்டிஷனர் போட்டால் இழைகளின்மேல் படிந்து உறிஞ்சும் தன்மை குறையும். பிளீச்சிங் திரவமும் கொதிநீரும் அடிப்பக்கப் பூச்சைக் கெடுக்கும். லேசான கறை நின்றால் பரவாயில்லை, கறை வேறு, அழுக்கு வேறு. துவைத்து உலர்ந்த பிறகும் வாடை வந்தாலோ, ஓரம் பிரிந்து கசிந்தாலோ அந்த நாப்கினை மாற்றிவிட வேண்டும்.

ஒருவருடையதை இன்னொருவர் எக்காரணத்துக்காகவும் பயன்படுத்தக்கூடாது. ரத்தத்தின் வழியே பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஆளுக்கொரு நிற நூலால் அடையாளம் தைக்கச் சொல்லுங்கள். காய்ந்ததை வைக்க ஆளுக்கொரு துணிப்பை இருக்கட்டும், பிளாஸ்டிக் உறை வேண்டாம். தண்ணீர் விஷயத்தையும் நேர்மையாகப் பார்த்துவிடுங்கள். குளியலறையில் மாலை நேரத்தில் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்றால், அதைச் சரிசெய்யும் வரை இந்தத் திட்டத்தைத் தள்ளிப்போடுவதே பிள்ளைகளுக்கு நல்லது.

குப்பையைப் பொறுத்தவரை உங்கள் எண்ணம் சரிதான். ஒரு பெண்ணுக்கு மாதம் 20 என்று வைத்தாலும் 60 பேருக்கு 1,200 நாப்கின். அவற்றில் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் தாளும், நீரை இழுத்து ஜெல்லாக ஊதிப்போகும் பாலிமர் தூளும் இருக்கின்றன. குழாயை அடைப்பது அந்த வீக்கம்தான். குறைந்த வெப்பத்தில் எரித்தால் நச்சுப்புகை வரும். 20 பேர் மாறினாலே மாதம் 400 குறையும். ஆனால் எல்லோரும் மாற மாட்டார்கள், மாறச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒவ்வொரு கழிவறையிலும் தொடர்ந்து இருக்கட்டும்.

வற்புறுத்த வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண், கை அசைவில் சிரமமுள்ள பெண், அடிக்கடி வெளியூர் பயணம் போகிறவள், தேர்வு வாரத்தில் இருப்பவள், இவர்களுக்கெல்லாம் துவைக்கும் வேலை சுமையாகிவிடும். துணி நாப்கின் வைத்திருப்பவர்களே கல்லூரி நேரத்தில் தூக்கிப்போடுவதையும் இரவில் துணியையும் வைத்துக்கொள்ளலாம், கலந்து பயன்படுத்துவதில் கெடுதல் எதுவும் இல்லை. உடலுக்குள் வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும் சிறு கிண்ணமான மாதவிடாய்க் கப் பற்றியும் யாராவது கேட்பார்கள். 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பாய்வு அது பாதுகாப்பானது என்றே சொல்கிறது. விரும்புகிறவர்கள் தனியாக வந்து கேட்டால் விளக்கலாம்.

நாப்கினைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிந்ததாக நினைக்கவேண்டாம். உகாண்டாவில் 8 பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. சில பள்ளிகளில் துணி நாப்கின் மட்டும், சிலவற்றில் வளரிளம் பருவக் கல்வி மட்டும், சிலவற்றில் இரண்டும், மீதியில் எதுவுமில்லை. எதுவும் கிடைக்காத பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் வருகை அதிகமாகச் சரிந்தது. மற்ற மூன்று வகைக்குள் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, உடம்பைப் பற்றித் தெளிவாகப் பேசியதே பொருள் கொடுத்த அளவுக்கு உதவியிருக்கிறது. ஒரு மாலை நேரம் ஒதுக்கி, ஒரு நாப்கினை எல்லோர் முன்னாலும் நனைத்து, துவைத்து, பிரித்து, கொடியில் போட்டே காட்டுங்கள். முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் கேள்விகள் வரும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் அன்றே சொல்லிவிடுங்கள்: அரிப்பு, தயிர்போலத் திரிந்த வெள்ளைப்படுதல், மீன் வாடை, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றாலோ, ஏழு நாளுக்கு மேல் போகிறது என்றாலோ, எந்த நாப்கின் என்று யோசிப்பதை விட்டுவிட்டு ரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

20 பேரோடு தொடங்குங்கள். இரண்டு மாதவிடாய்ச் சுற்று முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "போன தடவை எங்கே காயவைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். அறைக்குள் என்று பதில் வந்தால், நாப்கின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்னால் கொடி கட்டிய இடத்தை மாற்றிப் பாருங்கள்.