பெண்ணியத்தில் ஏன் இத்தனை பிரிவுகள்?

"ஆணும் பெண்ணும் சமம் என்பதுதானே பெண்ணியம், அதில் எதற்கு இத்தனை பிரிவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். சமம் என்பதில் சண்டை இல்லை. பெண்ணை அடக்கி வைத்திருப்பது எது என்பதில்தான் ஆளுக்கொரு பதில்.

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். சேலையில் புள்ளி விழ, சாயத்தில் முக்குவதற்கு முன் துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுக்கி முடிய வேண்டும். சமையல், பிள்ளைகளுக்கு நடுவே வீட்டில் உட்கார்ந்து முடிபவர்கள் பெண்கள். கூலி சொற்பம்.

தாராளவாதப் பெண்ணியம் சட்டத்தைப் பார்க்கும்: அவளுக்குப் படிப்பு, ஓட்டு, சொத்து உண்டா? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-இல் செய்த திருத்தம் இந்த வழியில் வந்தது. ஆனால் அன்று மணமாகியிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

மார்க்சியப் பெண்ணியம் கூலியில் கை வைக்கும். முடிச்சுக்காவது நாலு காசு உண்டு. அவள் பொங்கிப் போடுவதால்தான் மறுநாள் வேலைக்கு ஆள் தயாராகிறது. அந்த உழைப்புக்கு ஏன் விலையே இல்லை? எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான்.

தீவிரப் பெண்ணியம் வீட்டுக்குள்ளேயே நுழையும்: அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது, எத்தனை பிள்ளை என்று முடிவு செய்வது யார்?

அப்புறம் தலித் பெண்ணியம். சாதியை விட்டுவிட்டு 'பெண்கள்' என்று பொதுவாகப் பேசினால், வயலில் களை பறிக்கும் தலித் பெண்ணின் பாடு விடுபட்டுப்போகும். அவள்மேல் சாதியும் ஆணதிகாரமும் சேர்ந்தே விழுகின்றன. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வழக்குகளை வைத்து 1989-இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா காட்டியதும் இதைத்தான்: இனப் பாகுபாடு, பால் பாகுபாடு என்று தனித்தனியாகப் பார்த்த சட்டத்தின் கண்ணில் அவர்கள் படவே இல்லை.