மாதம் 45,000 ரூபாய் சம்பளத்தில் 300 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாமா? அந்த வகை வண்டிகளில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

இந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு என் கணக்கு நோட்டிலிருந்தும், இரண்டாவதற்கு எட்டு ஆண்டுகள் ஓட்டிய அனுபவத்திலிருந்தும் பதில் சொல்ல முயல்கிறேன். நான் சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2018இல் நான்கு ஆண்டுகள் ஓடிய 300 சிசி வகுப்பு வண்டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அன்று முதல் அதற்குச் செலவான ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைத்திருக்கிறேன். இது தொழில் தந்த பழக்கம். வீட்டில் கேலி செய்வார்கள்.

ஈர்ப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது புரியாமல் செலவுக்கணக்கு போடுவதில் பயனில்லை. நம் ஊரில் மிகுதியாக ஓடும் ஹீரோ ஸ்பிளெண்டருக்கு ஏறத்தாழ 8 குதிரைத்திறன். கவாசாகி நிஞ்சா 300இன் 296 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் 39 குதிரைத்திறன் தருகிறது. யமஹா ஆர்3இன் 321 சிசி எஞ்சின் 42 தருகிறது. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, ஒற்றை சிலிண்டராக இருந்தும் 2024ஆம் ஆண்டு மேம்படுத்தலுக்குப் பிறகு 38 தருகிறது. அதாவது நாம் பழகிய வண்டியைப் போல ஐந்து மடங்கு. இதற்கு மேலே ஆயிரம் சிசி வகுப்புக்குப் போனால் இருநூறு குதிரைத்திறனைத் தொடும் வண்டிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல முதல் கியரிலேயே மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வண்டியை நம் சாலையில் ஓட்டுபவர், அதன் திறனில் பத்தில் ஒரு பங்கை மட்டும் திறந்து, மீதி ஒன்பது பங்கை அடக்கிக்கொண்டே பயணம் செய்கிறார்.

முன்னூறு சிசி வண்டியில் அந்த அடக்கம் தேவைப்படுவதில்லை. நிஞ்சா 300 தன் முழுத் திறனை நிமிடத்துக்கு 11,000 சுழற்சியிலும், ஆர்3 10,750 சுழற்சியிலும் தருகின்றன. நாலாயிரம் சுழற்சியில் ஓட்டினால் இவை சாதுவான வண்டிகள்தாம், சிலர் டெஸ்ட் ரைடு முடித்து, "இதற்கா மூன்று லட்சம்?" என்று முகம் சுளித்துத் திரும்புவதற்கு அதுவே காரணம். கியரை ஒன்று குறைத்து, சுழற்சி காட்டும் முள்ளை எட்டாயிரத்துக்கு மேலே ஏற்றும்போது எஞ்சினின் ஒலியும் இழுவையும் மாறிவிடும். அந்த மாற்றத்தை ஓட்டுபவர்தான் தன் கையாலும் காலாலும் வரவழைக்க வேண்டும். திறமை கூடக் கூட வண்டியும் கூடுதலாகத் தருகிறது என்ற அந்த உணர்வுதான், என்னைப் பொறுத்தவரை, இந்த வகுப்பின் உண்மையான ஈர்ப்பு. மற்றபடி முழு ஃபேரிங்கும் (வண்டியின் முன்னும் பக்கமும் மூடும் பிளாஸ்டிக் உறை) கூரிய முகப்பும் டீக்கடை வாசலில் நிறுத்தும்போது நான்கு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் என்பதையும் மறுக்கவில்லை. அந்த ஆசை எனக்கும் இருந்தது. ஆறு மாதத்தில் தீர்ந்துவிட்டது.

இந்த வண்டிகள் ஏன் சரியாக 250, 300, 400 என்ற அளவுகளில் பிறக்கின்றன என்று பலர் யோசிப்பதில்லை. பொறியாளரின் விருப்பத்தைவிடச் சட்டத்தின் எல்லைக்கோடுகள்தாம் அதற்குப் பெரிய காரணம். ஜப்பானில் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செலவு மிகுந்த தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே நடுத்தர உரிமம் 400 சிசியோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பாவில் இடைநிலை உரிமம் வைத்திருப்பவர் 35 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக்கூடாது. அதைக் குதிரைத்திறனாக மாற்றினால் 47.6 வரும். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகும் ஏப்ரிலியா ஆர்எஸ் 457இன் அறிவிக்கப்பட்ட திறனைப் பாருங்கள், அதே 47.6தான். அது தற்செயல் அன்று.

நம் நாட்டில் அந்தக் கோடு 350 சிசியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் என்னும் கூடுதல் வரி உட்பட 31 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாக உயர்ந்தது. வரிக்கு முந்தைய விலை இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்குக் கீழே இருக்கும் வண்டி 2.95 லட்சத்துக்கும், மேலே இருக்கும் வண்டி 3.50 லட்சத்துக்கும் கடைக்கு வரும். இந்த 55,000 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு ரூபாய்கூட வண்டியின் தரத்துக்காகக் கொடுப்பதில்லை. காப்பீட்டிலும் இதே கோடுதான்: புதிய வண்டிக்குக் கட்டாயமான ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, 2022இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். எனவே நீங்கள் 300 சிசி என்று கேட்டிருப்பது, தெரிந்தோ தெரியாமலோ, நல்ல இடத்தில் நின்று கேட்ட கேள்வி.

எங்கே தயாராகிறது என்பதும் விலையை ஆட்டிப்படைக்கும். ஆர்ஆர் 310, 2017 டிசம்பரில் 2.05 லட்சத்துக்கு வந்தது. பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் 2013இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உருவான எஞ்சினை ஓசூரிலேயே தயாரித்ததால்தான் அந்த விலை சாத்தியமானது. இதற்கு நேர் எதிராக, முழு வண்டியாக இறக்குமதியான ஆர்3, 2023 டிசம்பரில் 4.65 லட்சத்துக்கு வந்தது. பின்னர் 2025இல் அதன் விலையில் ஒரேயடியாக 1.10 லட்சத்தைக் குறைத்தார்கள். குறைப்பதற்கு முன்பு வாங்கியவர்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கிறேன். உதிரி பாகங்களும் இதே வழியில்தான் வரும் என்பதால், உள்நாட்டில் தயாராகும் வண்டிக்கே என் முதல் ஆதரவு.

இனி உங்கள் சம்பளத்துக்கு வருவோம். எக்ஸ்-ஷோரூம் விலை மூன்று லட்சம் உள்ள வண்டிக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி 12 சதவீதம். அதுவே 36,000 ரூபாயை ஒட்டி வரும். காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஆன்ரோடு விலை மூன்றரை லட்சத்தைத் தொடும். ஒரு லட்சம் கையிலிருந்து கட்டி, மீதி இரண்டரை லட்சத்தை 11 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,185 ரூபாய். மொத்த வட்டி 44,000க்கு மேல். தவணை மட்டும் உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 25 கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்ற கணக்கில் பெட்ரோலுக்கு 3,200 ரூபாய். இதுவரை பெரும்பாலோர் போட்டுப் பார்த்துவிடுவார்கள். கடைக்காரரும் இதுவரைதான் சொல்வார்.

என் நோட்டில் இருப்பது இதற்கு அப்பாலுள்ள கணக்கு. எட்டு ஆண்டுகளில் 46,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பின் டயர் சராசரியாகப் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தேய்ந்தது. சாதாரண வண்டியில் அதைப்போல இரண்டு மடங்கு தூரம் வந்திருக்கும். செயினும் ஸ்பிராக்கெட்டும் இருமுறை மாற்றினேன். கூலன்ட், பிரேக் ஆயில், உயர்தர எஞ்சின் ஆயில் ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவுகள். இவையனைத்தையும் கூட்டி மாதங்களால் வகுத்தால், பெட்ரோலும் காப்பீடும் நீங்கலாக, மாதம் 1,400 ரூபாய் வருகிறது. இது என்னைப் பயமுறுத்திய தொகை அன்று.

பயமுறுத்தியது ஒரே ஒரு பக்கம். 2021 மழைக்காலத்தில் நாமக்கல் அருகே ஒரு டீக்கடையில், ஈர மண் என்பதைக் கவனிக்காமல் சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். டம்ளர் கைக்கு வருவதற்குள் ஸ்டாண்டு மண்ணில் புதைந்து வண்டி சாய்ந்துவிட்டது. ஓடாமல், நின்ற இடத்தில் விழுந்த அந்த வீழ்ச்சிக்கு நான் கொடுத்த விலை: இடப்பக்க ஃபேரிங், கிளட்ச் லீவர், கண்ணாடி, இண்டிகேட்டர், கூலியுடன் 11,400 ரூபாய். அதே இடத்தில் அப்பாவின் பழைய நூறு சிசி வண்டி விழுந்திருந்தால், லீவரைக் கையால் நிமிர்த்திவிட்டு டீயைக் குடித்து முடித்திருப்பேன். ஃபேரிங் போட்ட வண்டி வாங்குகிறவர் இந்தத் தொகையை எப்போதும் ஓரமாக வைத்திருக்க வேண்டும். சேதத்துக்கு முழுக் காப்பீடு எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. தேய்மானக் கழிவு இல்லாத காப்பீடு, அதாவது பாகம் பழசு என்று விலையைக் கழிக்காமல் தரும் காப்பீடு, கிடைத்தால், பிளாஸ்டிக் பாகங்கள் மிகுந்த இவ்வகை வண்டிக்கு அது நிச்சயம் பயன்படும்.

தலைக்கவசம், கையுறை, முதுகுப் பாதுகாப்புள்ள ஜாக்கெட், கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். வண்டி விலையோடு இதையும் சேர்த்துக் கட்டுப்படியாகவில்லை என்றால் வண்டியே கட்டுப்படியாகவில்லை என்று பொருள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உடல் சார்ந்த ஒரு செலவும் உண்டு. தாழ்ந்த கிளிப்-ஆன் கைப்பிடியும் பின்தள்ளிய ஃபுட்ரெஸ்டும் உடலின் பாரத்தை மணிக்கட்டில் இறக்கிவிடும். சேலம் நகருக்குள் மாலை ஆறு மணி நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டினால், தொடையில் எஞ்சின் வெப்பமும் மணிக்கட்டில் வலியும் தெரியும். மலைப்பாதை என்றாலே ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு உகந்தது என்று நினைப்பதும் பாதிதான் சரி. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில், ஒவ்வொரு வளைவிலும் இறுக்கமாகத் திரும்பும்போது, அகலமான கைப்பிடி கொண்ட 160 சிசி வண்டிக்காரர் என்னைவிட எளிதாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வண்டிகள் நீண்டு விரிந்த வளைவுகளுக்காகப் பிறந்தவை. அதை நான் முழுமையாக உணர்ந்தது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடந்த ஒருநாள் பயிற்சியில்தான். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில், எதிரே லாரியும் குறுக்கே ஆடும் இல்லாதபோது, அதே தாழ்ந்த கைப்பிடி ஏன் அங்கே வைக்கப்பட்டது என்பது மூன்றாவது சுற்றில் விளங்கிவிட்டது. பயிற்சியாளர், "பிரேக்கை இன்னும் தாமதமாகப் பிடியுங்கள் சார், வண்டி நிற்கும், நீங்கள்தான் அதை நம்பவில்லை" என்றார். அன்றைக்குக் கட்டிய கட்டணத்தை என் நோட்டில் செலவுப் பக்கத்தில் எழுத மனம் வரவில்லை. வேறு பக்கம் இல்லாததால் எழுதினேன்.

உங்களுக்கு என் பதில் இதுதான்: வேறு கடன் இல்லாமல், வீட்டில் இன்னொருவர் சம்பாதிப்பவராக இருந்தால், 45,000 சம்பளத்தில் புதிய வண்டி முடியும், ஆனால் மூன்று ஆண்டுகள் சேமிப்பு மெலிந்துவிடும். வாடகை வீடு, தங்கை திருமணம், மருத்துவச் செலவு போன்ற எதுவும் எதிரில் இருந்தால் நான் செய்ததைச் செய்யுங்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிய வண்டியைத் தேடுங்கள்; இந்த வகுப்பு வண்டிகளில் பலவற்றை முதல் சொந்தக்காரர்கள் ஆசை தீர்ந்ததும் குறைந்த தூரத்திலேயே விற்றுவிடுவார்கள். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த வண்டி முதல் ஸ்டார்ட்டில் வரும் குறைகளை மறைத்துவிடும். ஃபுட்ரெஸ்ட் முனை, லீவர் உருண்டை, கைப்பிடி ஓரம் ஆகிய மூன்றிலும் உராய்ந்த தடம் இருந்தால், ஃபேரிங் எவ்வளவு பளபளத்தாலும் அது விழுந்த வண்டிதான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் கடன் நிலுவைக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சரிபாருங்கள். எனக்கு அந்தக் குறிப்பை நீக்கவே இரண்டு மாத அலைச்சலானது.