நடவு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு முழங்கால் வலி: வயசா, வேலையா?

காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற 52 வயது அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் வேலையின் பங்கை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. தேய்ந்தது எளிதில் வளரவும் வளராது. குத்துக்காலிட்டுக் களை பறிக்கையில் முழங்காலில் விழும் அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு. குனிந்தே நடுவது இடுப்பைப் பிடிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தேய்மானம் கூடும்.

மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போட விடாதீர்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து இறக்கச் சொல்லுங்கள். தொடைத் தசை வலுத்தால் மூட்டுச் சுமை குறையும். வரிசை நடவு என்றால் கோனோவீடரால் (கையால் தள்ளி ஓட்டும் களைக்கருவி) நின்றபடியே களை எடுக்கலாம்.

அப்புறம், காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வெறும் தேய்மானம் இல்லை, முடக்குவாதமாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.