காலங்காலமாக என்றால் எத்தனை காலம்?

கேள்வி: நான் 1957-இல் பிறந்தவன். பதினைந்து வயதுப் பேரன் தோளைத் தொடும் அளவுக்கு முடி வளர்த்துக்கொண்டு திரிகிறான். பின்னாலிருந்து பார்த்தால் பேரனா பேத்தியா என்றே தெரியவில்லை. காலங்காலமாக ஆண் பிள்ளைக்கு அழகு ஒட்ட வெட்டிய தலைதானே? இந்த நல்ல வழக்கம் எப்போது கெட்டது?
(ஒரு தாத்தா)

பதில்: மற்றதை விடுங்கள் ஐயா. 'காலங்காலமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

1884-இல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. இரண்டரை வயதுக் குழந்தை. வெள்ளைப் பாவாடை, மடியில் இறகு வைத்த தொப்பி, தோளில் புரளும் முடி. யாரிடம் காட்டினாலும் பெண் குழந்தை என்றுதான் சொல்வார்கள். பிற்பாடு நான்கு முறை அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்வான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அது. வீட்டார் யாரும் வேடிக்கைக்காக வேடம் கட்டிவிடவில்லை. அன்றைக்கு வசதியான குடும்பங்களில் ஆறேழு வயதுவரை ஆண் குழந்தைக்கு அதுதான் கோலம். முதல் முடிவெட்டும் அப்போதுதான். இரண்டு வருடம் கழித்து, சுருள்முடிச் சிறுவன் ஒருவனை நாயகனாக வைத்து ஒரு நாவல் வந்தது. அதைப் படித்த அம்மாக்கள், கொஞ்சம் வளர்ந்த பையன்களையும் விடாமல் பிடித்து உட்காரவைத்துச் சுருள் போட்டார்கள். வெட்டிவிடச் சொல்லி அழுதவர்கள் பையன்கள். கூடவே கூடாது என்றவர்கள் பெரியவர்கள். உங்கள் வீட்டு வழக்கை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி.

பெரிய ஆண்கள் அதற்கு முன்பே வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அது தொடங்கிய விதம் உங்களுக்குப் பிடிக்காது. 1795-இல் பிரிட்டிஷ் அரசு, தலைக்குப் பூசும் பவுடருக்கு ஆளுக்கு வருடம் ஒரு கினி (அந்நாள் பொற்காசு) வரி போட்டது. எதிர்க்கட்சிக்காரரான பெட்ஃபோர்டு பிரபு, 'உன் வரியும் வேண்டாம், பவுடரும் வேண்டாம்' என்று முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். அந்த வெட்டுக்கு 'பெட்ஃபோர்டு கிராப்' என்று பெயரே விழுந்தது. பவுடர் பூசிய பெரிய மனிதர்கள் கண்ணுக்குக் குட்டை முடி என்றால் பிரெஞ்சுப் புரட்சிக்காரன் தலை. 1798-இல் அயர்லாந்தில் ஆயுதம் எடுத்த கிளர்ச்சிக்காரர்களைக்கூட 'கிராப்பி' என்றுதான் அழைத்தார்கள். நாம் ஒழுக்கத்தின் அடையாளமாகச் சொல்லும் 'கிராப்பு' பிறந்ததும் இந்தச் சொல்லின் வீட்டில்தான்.

சீனாவுக்கு வாருங்கள். 1645-இல் புதிதாக ஆட்சியைப் பிடித்த மஞ்சுக்கள், ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை போட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். முடியை வைத்துக்கொண்டால் தலை போகும், தலை வேண்டுமானால் முடி போக வேண்டும். சும்மா மிரட்டலாக நிற்கவில்லை. சடை போட மறுத்து மாண்டவர்கள் ஏராளம். இருநூற்று அறுபது வருடங்களுக்குப் பிறகு புரட்சி வந்தது. 1912-இல் குடியரசு, எல்லோரும் சடையை வெட்ட வேண்டும் என்றது. இப்போது வெட்ட மறுத்து ஓடினார்கள், தொப்பிக்குள் ஒளித்தார்கள், வெட்டியபோது அழுதார்கள். முப்பாட்டன் எதை வைக்க மாட்டேன் என்று செத்தானோ, அதை விட மாட்டேன் என்று பேரன் அழுதான். அவனைக் கேட்டிருந்தால் அவனும் 'காலங்காலமாக' என்றுதான் சொல்லியிருப்பான்.

கொரியாவில் இன்னும் வேடிக்கை. 1895-இல் அரசு ஆண்களின் உச்சிக் கொண்டையை வெட்டச் சொன்னது, நாகரிகமாகிவிட வேண்டும் என்பதற்காக. ஊரே கொதித்தது. 1973-இல் தென் கொரிய அரசு நீள முடியைச் சட்டப்படி குற்றமாக்கியது, நாகரிகம் அளவு மீறிவிட்டது என்பதற்காக. போலீஸ்காரர்கள் தெருவில் கத்தரிக்கோலோடு நின்றார்கள். காரணம் தலைகீழாகிவிட்டது. கத்தரிக்கோல் மட்டும் அதே இடத்தில்.

நீங்கள் சொல்லும் அந்த ஒட்ட வெட்டு பெரும்பாலும் பட்டாளத்துச் சொத்து. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் பேன் பிடித்து ஆட்டிய ஆட்டத்தில் சிப்பாய்களின் தலை குட்டையானது. போர் முடிந்து அவர்கள் வீடு திரும்பினார்கள், வெட்டும் கூடவே வந்தது. கிளிப்பர் மெஷின் மலிவானதும் பள்ளிக்கூடப் பையன் தலைக்கும் அதுவே சீருடை. ஆக, உங்கள் காலங்காலத்துக்கு வயது நூறு சொச்சம். பேன் என்றால் எனக்கும் பயம்தான். பேரன் தலையைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று தாராளமாகக் கேளுங்கள். (இதை எழுதுகிறவனுக்கு நீளமா குட்டையா என்ற சிக்கல் தீர்ந்து பல வருடமாகிறது. அதனால் என்னை நடுநிலையாளன் என்றே நம்பலாம்.)

இனி உங்கள் விஷயம். 1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்கா போய் இறங்கியபோது, அவர்கள் முடியைப் பார்த்துப் பெற்றோர் பதறினார்கள். இன்று அந்தப் படங்களைப் பார்த்தால் காது முழுக்கக்கூட மூடவில்லை. பத்தே வருடத்தில் அது போதாமல் போய், உலகம் முழுக்கப் பையன்களின் முடி காதை மூடிக் காலரில் இறங்கியது. சிங்கப்பூரில் அரசு அலுவலகங்களில் 'நீள முடி ஆண்கள் கடைசியாகக் கவனிக்கப்படுவார்கள்' என்று அறிவிப்பே மாட்டினார்கள். எது நீளம் என்பதற்குப் படம் வேறு: புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சட்டைக் காலருக்குக் கீழே போகக்கூடாது.

அந்த அறிவிப்புகள் தொங்கிய 1975-இல், நீங்கள் சொன்ன பிறந்த வருடப்படி, உங்களுக்கு வயது பதினெட்டு. அந்த வருடம் எடுத்த உங்கள் போட்டோ ஒன்று வீட்டில் எங்காவது இருக்கும். தேடி அனுப்புங்கள். இரண்டு காதும் தெரிந்தால் அடுத்த இதழில் அதை அச்சிட்டு, உங்கள் பேரனுக்கு நானே கண்டித்துக் கடிதம் எழுதுகிறேன். தெரியாவிட்டால் அனுப்ப வேண்டாம், பேரனிடம் கொடுத்துவிடுங்கள்.